பக்குவப்பட்ட டயர்கள்

நெடுவழிப் பயணியர் சங்கத்தின் மைதானத்தில் நாற்பத்திரண்டு கேரவன் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளியலறை உண்டு, போகிற வழியில் பிரித்துப் பார்க்க சாலை வரைபடங்கள் உண்டு. ஒன்றும் எங்கும் போனதில்லை. சங்கம் தொடங்கி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. உள்ளே வந்த வண்டி எதுவும் வாசலைத் தாண்டி வெளியே போனதாகப் பதிவேட்டில் இல்லை. இதைச் சங்கத்தார் குறையாக நினைப்பதில்லை. ஆண்டு மலரின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ‘விபத்தில்லாப் பயணத்தின் இருபத்தாறு ஆண்டுகள்.’

அந்த மைதானத்துக்குள் ஒரு காலை நேரம் ஒரு லாரிக்காரரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். லாரிக்காரர் முப்பத்து மூன்று வருடம் லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காததால் ஸ்டியரிங்கை விட்டவர். பெரிய ஆள் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். மனைவியின் அண்ணன், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத மனிதர், போன வருடம் இறந்துபோனார். அவர் தங்கைக்கு விட்டுப்போன சொத்து, அந்த மைதானத்தில் பதினோரு வருடமாக நிற்கும் ஒரு கேரவன் வண்டி.

வண்டி இப்போது அவசரமாகத் தேவைப்பட்டது. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் ஆகிறது. படுக்க முடியும், உட்கார முடியாது. இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்கும் அவருடைய சின்ன மகளுக்கு நாற்பத்தோரு வயதில் முதல் பிரசவம். அவள் கணவன் கப்பலில் வேலை. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் கரைக்கு வருவான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

“அவ பக்கத்துல நான் இருக்கணும் மாப்பிள்ளை. பஸ்ல ஏத்துவீங்களோ, பார்சல்ல போடுவீங்களோ, எனக்குத் தெரியாது” என்றுவிட்டார் மாமியார்.

கட்டில் உள்ள வண்டி ஒன்று கையிலேயே இருக்கிறது என்பது லாரிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் காவலாளி விசாரித்தார். “யாரைப் பார்க்கணும்?”

“யாரையும் இல்ல. எங்க வண்டி ஒண்ணு உள்ள நிக்குது. எடுத்துட்டுப் போகணும்.”

“எடுத்துட்டு?”

“ஊருக்குப் போகணும்.”

காவலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, அந்த வார்த்தையை ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ரெண்டு பேருக்கு ரத்தக் கொதிப்பு.”

மைதானத்தில் எல்லா வண்டிச் சக்கரங்களுக்கும் வெயில் படாமல் வெள்ளைத் துணி உறை போட்டிருந்தார்கள். ஓரத்தில் பூத்தையல். உறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சில உறுப்பினர்கள் குந்தி உட்கார்ந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் டயரின் பள்ளங்களில் இருந்த தூசியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு சிறு மணலை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பக்கத்து வண்டிக்காரரிடம் காட்டினார். அவர் நாக்கால் ‘ச்சு’ கொட்டினார்.

மைத்துனரின் வண்டி கடைசி வரிசையில், வாசலைப் பார்த்து நின்றது. எஞ்சினை மாதம் ஒருமுறை காவலாளி ஓடவிட்டிருந்ததால் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் அணைத்துவிட்டு இறங்கி, முன்சக்கரத்தின் உறையை விலக்கினார். கறுப்பு மெழுகு பூசி டயர் பளபளத்தது. மேலே இருக்கும் பட்டன்கள், அதாவது தரையைக் கவ்வுகிற கட்டிகள், கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தன. அவர் பக்கவாட்டில் நகத்தால் மெழுகைச் சுரண்டினார். உள்ளே வறண்ட குளம் மாதிரி வெடிப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டயரில் அச்சடித்திருந்த கடைசி நாலு எண்களைப் படித்தார். முதல் இரண்டு எண் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். பன்னிரண்டு வயது.

“புதுசா இருக்கேங்க” என்றாள் மனைவி.

“மேல புதுசு, உள்ள கிழடு. ஓடி கெட்டிருந்தா பார்த்தாலே தெரியும். இது நின்னே கெட்டிருக்கு. ரோட்டுல வேகம் எடுக்கிறப்ப இந்த முன் டயர் வெடிச்சுதுன்னு வை, கட்டில்ல படுத்திருக்கிற உங்கம்மா நமக்கு முன்னாடியே ஊர் போய்ச் சேர்ந்திடுவாங்க.”

“வாயைக் கழுவுங்க.”

“முன்னால ரெண்டு, பின்னால ஜோடி ஜோடியா நாலு. ஆறையும் மாத்தணும்.”

மைதானத்துக்கு எதிரிலேயே, சாலையின் மறுபக்கம், ஒரு டயர் கடை இருந்தது. கடைக்காரர் லாரிக்காரருக்குப் பழைய சிநேகிதர். வண்டிக் கதவோரத் தகட்டில் எழுதியிருந்த எடையை லாரிக்காரர் சொன்னார். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எவ்வளவு, சாமான்கள் எவ்வளவு, ஆட்கள் எவ்வளவு என்று இருவரும் கூட்டினார்கள். ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது டயரிலேயே எண்ணாக இருக்கிறது. தேவைக்கு ஒரு படி மேலே பார்த்து எடுத்தார்கள். போன மாதம் தயாரித்த சரக்கு. சொல்லியிருந்த டீ வருவதற்குள் ஆறு டயரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள்.

வேனில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து மைதானத்துக்குள் நுழையும்போதுதான் சங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளர் இரு கைகளையும் விரித்தபடி ஓடி வந்தார். மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருந்தார்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க! புது டயர் வாசனை வருது!”

“ஆமாங்க, புது டயர்தான்.”

“உள்ள நாப்பத்திரண்டு வண்டி நிக்குது. இந்த வாசனை பட்டா என்ன ஆகும்? டயர்த் தேர்வுக் குழு பார்க்காம ஒரு டயர் இந்த வாசல்ல நுழையவும் முடியாது, வெளிய போகவும் முடியாது. விதி பதினெட்டு.”

டயர் கடைக்காரர் லாரிக்காரரைப் பார்த்தார். “என்னய்யா இது? ஆஸ்பத்திரியா?”

வேன் திரும்பிப் போயிற்று. லாரிக்காரரைத் தலைவர் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

தலைவர் ஏதோ பெரிய அலுவலகத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாற்காலி ஒரு வண்டியின் ஓட்டுநர் இருக்கை. பேசத் தொடங்குமுன் அவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். சுவரில் உலக வரைபடம் ஒன்று. அதில் மைதானம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது.

“ஊருக்குப் போகணும்னு கேள்விப்பட்டேன்” என்றார் தலைவர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“ஆமாங்க. மச்சினிக்குப் பிரசவம். மாமியாரைக் கூட்டிட்டுப் போகணும்.”

“தம்பி, பயணின்னா யாரு? பயணத்துக்குத் தயாரா இருக்கறவன். கிளம்பிட்டான்னா அவன் தயாரா இருக்கறது அத்தோட முடிஞ்சுது. அப்புறம் அவன் வெறும் போறவன். போறவன் ரோட்டுல லட்சம் பேர் இருக்கான். ஆடு மாடுகூடப் போகுது. தயாரா இருக்கறவங்க இந்த நாட்டுல நாங்க நாப்பத்திரண்டு பேர்தான். உங்க மைத்துனர் பெரிய பயணி. பதினோரு வருஷம் அசையல. தேயாத டயர்ப் பதக்கம் மூணு தடவை வாங்கினவர்.”

“அப்படீங்களா?”

“வருஷத்துக்கு ஒரு பதக்கம். யார் டயர் கொஞ்சமும் தேயலையோ அவருக்கு. அப்படிப்பட்டவர் வண்டியில நீங்க புது டயர் மாட்டி, அதையும் தேய்க்கணும்கிறீங்க.” தலைவர் கண்ணை மூடித் திறந்தார். “இருந்தாலும் நாங்க மனிதாபிமானம் உள்ளவங்க. டயர்த் தேர்வுக் குழு அஞ்சு அமர்வு கூடும். வழக்கமா மாசத்துக்கு ஒண்ணு. பிரசவம்கிறதால நாலு நாளைக்கு ஒண்ணு.”

நாலு அஞ்சு இருபது. லாரிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அஞ்சு நாள் மிச்சம் இருக்கும். மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தார். பின்னால் இதை நினைத்து அவர் பலமுறை தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் அமர்வில் விண்ணப்பம் கொடுத்தார்கள். அறுபத்து நாலு கேள்விகள். எங்கே போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. ஏன் என்பது இரண்டாவது. போகாமல் இருந்தால் என்ன என்பது மூன்றாவது. அதற்கு முக்கால் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். லாரிக்காரர் ‘பிள்ளை பிறந்துவிடும்’ என்று எழுதினார். குழுவினர் அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். “நீங்க போகலேன்னாலும் பிறக்கும்தானே?” என்று கேட்டார் செயலாளர். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “விண்ணப்பத்துல உள்முரண் இருக்கு” என்றார்.

இரண்டாம் அமர்வு பாரம் பற்றியது. வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொரு பாரத்தையும் குழு நேரில் பார்த்து நிறுக்க வேண்டும். மாமியாரால் வர முடியாதென்பதால் குழுவே வீட்டுக்கு வந்தது. ஐந்து பேரும் ஒரே நிறத்தில் கோட்டுப் போட்டு, சட்டைப் பையில் சிறு வெள்ளிச் சக்கரம் குத்தியிருந்தார்கள். மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

மாமியார் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். “யாரு மாப்பிள்ளை இவங்க? பேண்டு செட்டா?”

“சங்கத்துக்காரங்க அத்தை. உங்களை நிறுக்க வந்திருக்காங்க.”

“என்னத்துக்கு? விக்கப் போறீங்களா?”

செயலாளர் ஒரு நோட்டைத் திறந்து கட்டில் பக்கம் குனிந்தார். “அம்மா, நீங்க நிலையான பாரமா, நகரும் பாரமா?”

“யாருக்கு?”

“வண்டிக்கு.”

“என் மருமகனைக் கேளுங்க. இந்த வீட்டுக்கு நான் ஆறு மாசமா நிலையான பாரம்தான்.”

“அத்தை!” என்றார் லாரிக்காரர்.

“எழுதிக்கட்டும் மாப்பிள்ளை. பாவம், நோட்டு வாங்கிட்டு வந்திருக்கார்.”

கட்டிலோடு மாமியாரைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ காட்டியது. கட்டிலின் எடையைக் கழிக்க வேண்டுமானால் மாமியார் இறங்க வேண்டும். அவர் இறங்க முடியாது. குழுவினர் சமையலறைக்குள் போய்த் தனியாக ஆலோசித்தார்கள். கடைசியில் நோட்டில் இப்படிப் பதிவானது: ‘மாமியார் (கட்டில் உட்பட): 138 கிலோ. பிரிக்க இயலாதவர்.’

போகும்போது மாமியார் கேட்டார். “ஆமா, நீங்கள்லாம் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கீங்க?”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “தேர்வு நடந்துக்கிட்டிருக்கும்மா” என்றார் செயலாளர்.

“என் பையனும் அதைத்தான் சொன்னான். பதினோரு வருஷம், அம்மா போறேன், அம்மா போறேன்னான். அந்த வண்டிக்குத் திரைச்சீலை தச்சுக் குடுத்தது நான். கடைசில ஆம்புலன்ஸ்லதான் போனான். அந்த டயரை எந்தக் குழு பார்த்துச்சு?”

தராசைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சற்று வேகமாகவே இறங்கினார்கள்.

மூன்றாம் அமர்வில் டயரைச் சோதித்தார்கள். வெல்வெட் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் விட்டு ஆழம் பார்த்தார்கள். ஆறிலும் துளித் தேய்மானம் இல்லை. கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் லாரிக்காரரின் கையைக் குலுக்கினார்கள்.

“பன்னிரண்டு வயசு டயருங்க. பக்கத்துல பாருங்க, வெடிச்சிருக்கு” என்றார் லாரிக்காரர்.

“அது சுருக்கம்” என்றார் செயலாளர். “முகத்துல சுருக்கம் விழுந்தா மனுஷனை மாத்திடறோமா? வயசுங்கறது சக்கரம் சுத்தினாத்தான் ஏறும். சுத்தாத டயருக்கு வயசு பூஜ்யம். நான் இதைப் பத்தி நானூறு பக்கம் எழுதியிருக்கேன்.”

“நீங்க எந்த வண்டி ஓட்டுவீங்க?”

“எனக்கு ஓட்டத் தெரியாது. அதனாலதான் என்னால நடுநிலையா எழுத முடிஞ்சுது.”

நான்காம் அமர்வில் அந்த நானூறு பக்கத்திலிருந்து நாற்பது பக்கம் படித்துக் காட்டினார். மற்ற நால்வரும் தூங்கினார்கள். லாரிக்காரர் தூங்கவில்லை. வீட்டில் மனைவி துணி மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். மாமியார் தினமும் காலையில் எழுந்ததும், “இன்னிக்காவது சக்கரம் மாட்டுமா மாப்பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளுக்கு முன்புவரை அதைக் கேலியாகக் கேட்டார். இப்போது கேலி போய்விட்டிருந்தது.

ஐந்தாம் அமர்வில் அனுமதி கிடைத்தது!

லாரிக்காரரால் நம்ப முடியவில்லை. தலைவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். ஆறு டயர்களையும் மாற்றிக்கொள்ளக் குழு ஒருமனதாக இசைந்திருக்கிறது. லாரிக்காரர் சான்றிதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்ப எதிர்க்கடையில சொல்லி இப்பவே கொண்டாரச் சொல்றேங்க” என்று திரும்பினார்.

“எதிர்க்கடையா?” என்றார் தலைவர். “அந்தப் பச்சை டயரையா? பச்சை மரத்துல கதவு செஞ்சா என்ன ஆகும்?”

“வளையும்.”

“அதேதான். வாங்க.”

அலுவலகத்தின் பின்னால் ஒரு நீண்ட கொட்டகை. மேலே ‘பக்குவ அறை’ என்று பலகை. உள்ளே சுவரோடு சுவராக டயர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: உள்ளே வந்த தேதி, பக்குவமான தேதி. சங்கத்துக்கு வரும் புது டயர் எதுவானாலும் பத்து வருடம் இங்கே இருந்தாக வேண்டும். அதற்குள் அதன் துள்ளல் அடங்கி, கெட்டிப்பட்டு, பொறுப்பு வந்துவிடும் என்பது செயலாளரின் ஆராய்ச்சி முடிவு. குழு லாரிக்காரருக்காகத் தேர்ந்தெடுத்த ஆறு டயரும் நடுவில் தனியாக, வெள்ளைத் துணியின் மேல் இருந்தன.

லாரிக்காரர் குந்தி உட்கார்ந்து கடைசி நாலு எண்களைப் படித்தார். பதினேழு வயது. கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார். ஒரு துண்டு உடைந்து காய்ந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

“நல்ல பக்குவம்” என்றார் செயலாளர், தாழ்ந்த குரலில்.

“நானே என் வண்டிக்குக் கேட்டேன், கிடைக்கல” என்றார் தலைவர். “என்னோடது பத்தொன்பது வருஷமா அதே டயர். இதை உங்களுக்குத் தந்திருக்கோம்.”

லாரிக்காரருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் குரல் உயர்ந்தது. “தலைவரே, முப்பத்து மூணு வருஷம் நான் இதுமேல உட்கார்ந்து சோறு தின்னவன். இது டயர் இல்ல, குப்பை. இதைப் போட்டு ஒரு வயசான பொம்பளையை ரெண்டு நாள் ரோட்டுல கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? என் வண்டியில இருக்கறதே இதைவிட அஞ்சு வயசு சின்னது!”

“ஓட்டினவர் கருத்துல எப்பவும் ஒரு சார்பு இருக்கும்” என்றார் தலைவர், கோபப்படாமல். “டயரைத் தேய்ச்சவர்கிட்டப் போய் டயரைப் பத்திக் கேக்கலாமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க டயர் பழசுன்னு நாங்க ஒத்துக்கிட்டா, பக்கத்து வண்டி டயர் என்ன? அதுக்குப் பக்கத்து வண்டி? நாப்பத்தோரு பேரும் மாத்தணும். மாத்தினதும் என்ன சாக்கு? கிளம்பணும். கிளம்பி எங்க போறது? எங்களை எதிர்பார்த்து எந்த ஊர்ல யார் உட்கார்ந்திருக்கா?”

இதைச் சொல்லிவிட்டுத் தலைவர் தாமே திடுக்கிட்டவர் போல நின்றார். செயலாளர் நோட்டில் எழுதுவதை நிறுத்தினார். பிறகு இருவரும் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

லாரிக்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “சின்னவ பேசினா. டாக்டர் பார்த்துட்டு முன்னாடியே ஆகும்போல இருக்குன்னு சொல்லிட்டாராம். நாளன்னைக்கே அட்மிட் ஆகச் சொல்றாங்களாம். ‘அக்கா, தனியா பயமா இருக்கு’ன்னு அழறா.”

உள்ளே மாமியார் பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் வைத்துத் தைத்த விரல்களால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் வாசற்படியில் நின்றபடியே எதிர்க்கடைக்காரருக்குப் போன் செய்தார். பிறகு காவலாளிக்கும்.

மறுநாள் சங்கத்தின் கால் சுற்று நாள்.

நிறுத்தி வைத்த டயர் ஒரே இடத்தில் அழுந்தினால் தட்டையாகிவிடும் என்று யாரோ எப்போதோ சரியாகவே சொல்லியிருந்தார்கள். அதனால் மாதத்தில் ஒரு நாள் எல்லா வண்டிகளும் சக்கரத்தின் கால் சுற்று முன்னே போகும். இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். அடுத்த மாதம் அதே கால் சுற்று பின்னே வரும். இதுதான் சங்கத்தின் பயணம். அன்றைக்கு எல்லோரும் வெள்ளைச் சீருடை அணிவார்கள். டயரின் உச்சியில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். மனைவிமார் வழிச்சாப்பாடு கட்டிக் கொடுப்பார்கள்.

காலை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு எஞ்சின்களும் உறுமின. மைத்துனரின் வண்டியில் லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் காவலாளி உட்காரும் இடம். வாரிசு தாமே ஓட்ட விரும்புவதைச் செயலாளர் நெகிழ்ச்சியோடு பதிவு செய்திருந்தார். சாலையின் மறுபக்கம் டயர் கடை வாசலில் வேன் நின்றது. அதன் பின்கதவு திறந்திருக்க, உள்ளே மெத்தை மேல் மாமியார் படுத்திருந்தார். பக்கத்தில் லாரிக்காரரின் மனைவி குடை பிடித்திருந்தாள்.

தலைவர் தம் வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே ஒலிபெருக்கியில் பேசினார். “பயணிகளே! இதோ கிளம்பப் போகிறோம். வழியில் கவனம். குடும்பத்தாரிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.”

செயலாளர் பச்சைக் கொடியை இறக்கினார். நாற்பத்திரண்டு வண்டிகளும் நகர்ந்தன. சாக்பீஸ் கோடு உச்சியிலிருந்து பக்கத்துக்கு வந்தது. நாற்பத்தோரு வண்டிகள் பிரேக் போட்டு நின்றன. மைதானமே கைதட்டியது.

கடைசி வரிசையில் ஒரு வண்டி மட்டும் நிற்கவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிரேக் பழுது என்று நினைத்துச் செயலாளர் பக்கத்தில் ஓடினார். பழக்கதோஷத்தில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்து உரக்க எண்ணினார். “அரை! முக்கால்! ஒண்ணு! சார், ஒண்ணு ஆயிடுச்சு! ஒண்ணேகால்!” லாரிக்காரர் நடக்கிற வேகத்தில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முன்சக்கரத்தின் சத்தத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியே செயலாளரின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே வந்தது. “எங்க போறீங்க? எங்க போறீங்க?”

“ஊருக்கு.”

கால் சுற்று முடித்து இறங்கியிருந்த தலைவர் மறுபடி தம் வண்டியில் பாய்ந்து ஏறினார். வாசலை மறித்துவிடலாம் என்பது அவர் திட்டம். பெல்ட் போட்டுக்கொண்டு, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கால் சுற்றைத் தாண்டி வண்டியைச் செலுத்தினார். ஒரு சுற்று போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவது சுற்றில் முன் டயர் வெடித்தது. கடைத்தெரு வரைக்கும் கேட்ட சத்தம். ரப்பர் துண்டுகள் பறந்து வெள்ளைச் சீருடைகள் மேல் விழுந்தன. தலைவரின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணில் முட்டி போட்டது போல நின்றது. பெல்ட் போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் வழியே வந்த ரப்பர் தூசியில் முகம் மட்டும் கரியாகிவிட்டது.

வாசலில் காவலாளி இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்திருந்தார்.

“சீட்டு வாங்கினியா? சீட்டு!” என்று கத்தினார் செயலாளர்.

“உள்ள வர்ற வண்டிக்குத்தான் சீட்டு இருக்கு சார். வெளிய போற வண்டிக்கு என்ன சீட்டுன்னு இந்த இருபத்தாறு வருஷத்துல எனக்கு யாருமே சொல்லித் தரலையே.”

வண்டி வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்து கடை முன் நின்றது. கடைக்காரர் ஜாக்கியோடு தயாராக இருந்தார். முன்பக்கம் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, பழையதை உருட்டி ஓரம் தள்ளினார்கள். புது டயர் ஏறியது. நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினார்கள். பின்ஜோடிகளையும் மாற்றி, பாரத்துக்குத் தகுந்த காற்றை ஆறிலும் அடித்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேலிக்கு உள்பக்கம் சங்கத்தார் அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். சக்கரம் வண்டியிலிருந்து கழன்று வருவதை அவர்களில் பலர் இப்போதுதான் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் வழிச்சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

கரி முகத்தோடு தலைவர் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

“நண்பர்களே, கண்ணால் பார்த்தீர்கள். மூன்று சுற்று! மூன்றே சுற்று! பயணம் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் டயரே சாட்சி. பத்தொன்பது வருடம் நல்லபடியாக இருந்த டயர், நகர்ந்ததும் போய்விட்டது. ஆகவே கால் சுற்று என்பது இனி அரைக்கால் சுற்று என்று திருத்தம் கொண்டுவருகிறேன்.”

வேலிக் கம்பியை விட்டுவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். திருத்தம் நிறைவேறியது.

மாமியாரை மெத்தையோடு கட்டிலுக்கு மாற்றினார்கள். தாம் தைத்த திரைச்சீலையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயம் கொஞ்சமும் போகவில்லை. அதை ஒதுக்கிவிடச் சொல்லி, ஜன்னல் வழியே வேலிப் பக்கம் பார்த்தார்.

தலைவர் ஒலிபெருக்கி இல்லாமல், ஏறக்குறையக் கெஞ்சும் குரலில் லாரிக்காரரைக் கூப்பிட்டார். “தம்பி, ஒரு நிமிஷம் யோசிங்க. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. கிளம்பினீங்கன்னா அந்த டயர் தேய ஆரம்பிச்சிடும்.”

“தேயட்டுங்க. அதுக்குத்தானே வாங்கினேன்.”

“ஏன்யா கரிமூஞ்சி,” என்று ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது, “என் பையன்கிட்டயும் இதைத்தானே சொல்லி உட்கார வெச்சே?”

தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்துக் கரியைத் துடைக்கத் தொடங்கினார். லாரிக்காரர் வண்டியை எடுத்தார்.

நூறு கிலோமீட்டர் தாண்டியதும் ஓரம் கட்டி, நட்டுகளை இன்னொரு முறை முறுக்கினார். புறங்கையால் ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தார். ஆறும் ஒரே சீரான சூட்டில் இருந்தன.

“ஏதாவது கோளாறா மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை. ஓடுது.”

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வண்டி நுழைந்தது. சின்னவளுக்குக் காலையிலேயே வலி எடுத்திருந்தது. தள்ளுகட்டிலில் மாமியாரைக் கொண்டுபோய் மகளின் படுக்கைக்குப் பக்கத்தில் விட்டார்கள். “எப்படிம்மா வந்தே?” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “உங்கண்ணன் வண்டியில வந்தேன்” என்றார் மாமியார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. இருட்டுவதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்து வரும் நேரத்தில் லாரிக்காரரின் போன் அடித்தது. சங்கத்திலிருந்து செயலாளர். லாரிக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டு அதை மாமியாரிடம் நீட்டினார்.

“அம்மா, அவசரக் கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். படிக்கிறேன், குறிச்சுக்கோங்க” என்றது போன். “மேற்படி வண்டி மைதானத்தில் இல்லாத காரணத்தால், அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய மூவர் குழு ஒன்று அமைக்கப்படுகிறது. மேற்படிக் குழு, பயணம் எதுவும் மேற்கொள்ளாமல்…”

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து குனிந்தாள். குழந்தை கையைக் காலை உதைத்து வீறிட்டது. மாமியார் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். தலையணைக்கு அடியில் தீர்மானம் இரண்டாம் பத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.